எயிற்பட்டினக் கரையில் ஒரு கிரேக்க வழக்கு

எக்கியார்குப்பத்துக்குக் கிழக்கே கடல். மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டினால் கழியும் உப்பளங்களும். கோடையில் மரக்காணத்து அளங்களில் பாத்தி பாத்தியாகத் தேக்கிய உவர்நீர் வெயிலில் சுண்டி, ஒரு காலை நேரத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அதை வாரி வரப்பில் குவித்தால் லாரி வரும், ஏற்றிக்கொண்டு போகும். வலையும் உப்பும் தவிர வேறு பேச்சு அதிகம் இல்லாத இந்தக் கரை, கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு பழைய புத்தகத்தில் இடம்பெற்றிருக்கிறது என்று நம்பப் பல காரணங்கள் உண்டு.

அந்தப் புத்தகம் 'எரித்ரயக் கடற்பயணக் குறிப்பு'. பெரிப்ளூஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்தில் இருந்த, பெயர் தெரியாத ஒரு கிரேக்க வணிகர் எழுதியது. எந்தத் துறையில் என்ன கிடைக்கும், எந்தக் காற்றில் பாய் விரிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. சோழமண்டலக் கரைக்கு வரும்போது அவர் வரிசையாக மூன்று துறைகளைச் சொல்கிறார்: கமரா, பொதுகே, சோபட்மா. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும், பொதுகே புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேடு என்றும் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். சோபட்மாவை ஆய்வாளர் பலர் மரக்காணமாகக் காண்கிறார்கள். தமிழில் 'சோ' என்றால் அரண், மதில்; 'எயில்' என்பதும் மதிலே. சோப்பட்டினம் என்றாலும் எயிற்பட்டினம் என்றாலும் பொருள் ஒன்றே. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடனின் கடற்கரை ஊரைப் பற்றிப் பேசும்போது, மதிலின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட பட்டினம் என்றே அதை அடையாளம் காட்டுகிறது.

ஒரே கரைக்கு இரண்டு சாட்சிகள். கிரேக்கர் உரைநடையில் எழுதினார். தமிழர் பாட்டில் எழுதினார். இந்த வேற்றுமைக்குப் பின்னால் ஒரு நீண்ட வழக்கு இருக்கிறது.

கிரேக்கர்களும் பாட்டில்தான் தொடங்கினார்கள். தெய்வங்களைப் பற்றி, உலகத்தின் பிறப்பைப் பற்றி, வீரத்தைப் பற்றி அறிய வேண்டுமானால் ஹோமரையும் ஹெசியடையும் கேட்க வேண்டும் என்ற நிலை அங்கே இருந்தது. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஸெனோஃபனீஸ் அதை முதலில் எதிர்த்தார். மனிதர்களிடம் பழிக்கப்படும் களவு, பிறன்மனை நயத்தல், வஞ்சகம் எல்லாவற்றையும் இந்தப் புலவர்கள் கடவுளர் மேல் ஏற்றிவிட்டார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. குதிரைகளுக்கு வரையத் தெரிந்தால் கடவுளைக் குதிரையாகத்தான் வரையும் என்று கேலியும் செய்தார். இத்தனையையும் அவர் சொன்னது செய்யுளில். எபேசஸ் நகரத்து ஹெராக்ளிடஸ் உரைநடையில் எழுதினார். ஹோமரைப் போட்டியிலிருந்து விரட்டிப் பிரம்பால் அடிக்க வேண்டும் என்றார். அடுத்து வந்த பார்மெனிடிஸ், 'இருப்பது ஒன்றே, மாற்றம் என்பது மயக்கம்' என்ற கடினமான தருக்கத்தை, ஹோமர் போர்களைப் பாடிய அதே யாப்பில் பாடினார். சிசிலியின் எம்பெடோக்ளிஸ் நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கு மூலங்களையும் செய்யுளிலேயே அடுக்கினார்.

வழக்கு முற்றியது பிளேட்டோவிடம். 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில், மெய்யியலுக்கும் கவிதைக்கும் இடையே பழம்பகை ஒன்று உண்டு என்று சாக்ரடீஸின் வாயால் சொல்லவைக்கிறார். கவிஞன் தருவது நிழலின் நிழல். அவன் அழுகையையும் ஆசையையும் நீரூற்றி வளர்க்கிறான். ஆகவே நல்ல நகரத்தில் தெய்வத் துதிக்கும் சான்றோர் புகழுக்கும் மட்டுமே இடம் என்பது தீர்ப்பு. ஆனால் அவர் கதவை முழுதாக அடைக்கவில்லை. கவிதைக்காக வாதாட வருகிறவர்கள் வரலாம், செய்யுளிலோ உரையிலோ பேசலாம், கேட்கத் தயார் என்கிறார். இளமையில் அவரே நாடகக் கவிதைகள் எழுதி, சாக்ரடீஸைக் கேட்டபின் நெருப்பில் போட்டார் என்று பிற்காலத்தார் ஒரு கதை சொல்வதுண்டு. அவருடைய மாணவர் அரிஸ்டாட்டில் வேறு வழியில் தீர்த்துவைத்தார். ஹோமருக்கும் எம்பெடோக்ளிஸுக்கும் யாப்பைத் தவிரப் பொது ஒன்றுமில்லை. முன்னவரைக் கவிஞர் என்றும் பின்னவரை இயற்கை ஆய்வாளர் என்றும் அழைப்பதே சரி என்றார். அதே மூச்சில், நடந்ததை மட்டும் சொல்லும் வரலாற்றைவிட, நடக்கக்கூடியதைச் சொல்லும் கவிதைதான் மெய்யியலுக்கு நெருக்கம் என்றும் எழுதிவைத்தார். சொத்துப் பிரிந்தது. சிந்தனை உரைநடைக்குப் போயிற்று. பெரிப்ளூஸ் எழுதியவர் அந்தப் பாகப்பிரிவினைக்குப் பிறகு பிறந்தவர். கமரா, பொதுகே, சோபட்மா என்று கணக்குப்பிள்ளை போல எழுதிக்கொண்டு போவதில் அவருக்குத் தயக்கமே இல்லை.

தமிழில் பாகப்பிரிவினை இப்படி நடக்கவில்லை. வேறுபாடு தெரியாததால் அல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என்று ஏழு வகை சொல்கிறது. அதில் பாட்டு வேறு, நூல் வேறு. இலக்கணமும் மருத்துவமும் சோதிடமும் யாப்பில் இருந்தாலும் அவற்றைப் பாட்டு என்று யாரும் மயங்கவில்லை. யாப்பு மட்டும் கவிதையாகிவிடாது என்ற அரிஸ்டாட்டிலின் கருத்து தொல்காப்பியருக்கும் உடன்பாடே. ஆனால் சிந்திக்க வேண்டுமென்றால் யாப்பைவிட்டு வெளியேற வேண்டும் என்று இங்கே யாரும் முடிவு செய்யவில்லை.

சிறுபாணாற்றுப்படையின் ஆசிரியர் இந்தக் கரைக்காரர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்பது பெயர். கழிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்த நாடு, மரக்காணத்துக்கு வடக்கே இன்றும் அதே பெயரோடு இருக்கிறது. 269 அடிப் பாட்டில் அவர் எயிற்பட்டினத்துக்கு ஒதுக்கியது சில அடிகளே. அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரத்துண்டுகள் ஒட்டகங்கள் படுத்துறங்குவதுபோல் கரையில் கிடக்கின்றன. அதையே விறகாக எரித்து நுளைமகள் கள் வடிக்கிறாள். பரதவர் அதைப் பாணர்களுக்கு ஊட்டுகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட குழல்மீன். அந்தக் கரையில் நின்ற ஒருவருக்கு ஒட்டகம் எப்படி உவமையாக வந்தது என்று யோசித்தால் பெரிப்ளூஸின் வணிகர் நினைவுக்கு வருவார்.

உப்பும் இந்தப் பாட்டில் உண்டு. ஆனால் கொற்கைக் கரையைச் சொல்லும் இடத்தில். உமணர்களின் வண்டி வரிசையோடு வந்த மந்தி ஒன்று, அவர்கள் பெற்ற பிள்ளைபோலவே வளர்ந்து, முத்தைச் சிப்பிக்குள் அடைத்துக் கிலுகிலுப்பையாக்கி உமணக் குழந்தைகளோடு விளையாடுகிறது. உமணர் என்றால் உப்பு விற்பவர். கழியில் விளைந்ததை மாட்டு வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய், நெல்லுக்கு மாற்றி வருவார்கள். சங்கப் பாடல்களில் அடிக்கடி கண்ணில் படும் தொழில் செய்வோரில் அவர்களும் உண்டு. தமிழில் சிந்தனை பாட்டுக்குள் எப்படிக் குடியிருந்தது என்று பார்க்க, அவர்களுடைய வண்டியைத் தொடர்ந்து போனாலே போதும்.

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் புகழ்கிறார். சிங்கம், புலி எதுவும் இல்லை. உப்பு வண்டியின் அடியில் கட்டியிருக்கும் சேம அச்சு அவன் என்கிறார். காளைகள் இளையவை, நுகம் பழக்கமில்லாதவை, பாரமோ அதிகம். பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும், வழியில் என்ன ஆகுமென்று யாருக்குத் தெரியும் என்று நினைத்து உமணர் ஓர் அச்சைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். நாளை அறிய முடியாதது என்ற நிலையில் மனிதன் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி இதில் இருக்கிறது, விடையும் இருக்கிறது. இரண்டும் ஒரு மரத்துண்டின் வடிவத்தில் இருக்கின்றன.

116ஆம் பாட்டில் கபிலர் பாரியின் மகளிரைக் காட்டுகிறார். பறம்பு வீழ்ந்தது, தந்தை மாண்டான். முன்பு மலைமேல் ஏறி, படையெடுத்து வந்த அரசர்களின் குதிரைகளை எண்ணிய பெண்கள் அவர்கள். இப்போது ஒரு சிறு குடிலின் குப்பைமேட்டில் ஏறி நின்று, வழியில் போகும் உமணரின் உப்பு வண்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நிலையாமை என்ற சொல்லைக் கபிலர் பயன்படுத்தவே இல்லை. பிளேட்டோ அஞ்சிய உணர்ச்சி இதில் நிறைய இருக்கிறது. ஆனால் படித்து முடிக்கும்போது மனம் கலங்குவதோடு ஒன்றைப் புரிந்துகொள்ளவும் செய்கிறது.

வெளிப்படையாகத் தத்துவம் பேசும் பாட்டுகளும் அந்தத் தொகுப்பில் இருக்கின்றன. கணியன் பூங்குன்றனாரின் 192ஆம் பாட்டு முதல் அடியால் உலகப் புகழ் பெற்றது. அதன் நடுப்பகுதியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். மழை பெய்து, பாறையில் மோதி இரைச்சலிடும் ஆற்றின் வழியே போகும் புணைபோல உயிர் முறைவழிப்படும். திறம் அறிந்தவர்களின் காட்சியால் இதைத் தெளிந்தோம். ஆகவே பெரியோரைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்பது அதன் போக்கு. இதில் ஒரு கொள்கை இருக்கிறது. அதற்குச் சான்றாக ஒரு காட்சி இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் ஓர் ஒழுக்கம் இருக்கிறது. ஆசீவகரின் ஊழ்க் கொள்கையின் சாயலை இதில் கண்ட ஆய்வாளர்கள் உண்டு. ஒரே ஆற்றில் இருமுறை இறங்க முடியாது என்ற ஹெராக்ளிடஸின் ஆறு உரைநடையில் ஓடியது. பூங்குன்றனின் ஆறு அகவலில் ஓடுகிறது.

திருக்குறளின் அமைப்பைப் பார்த்தாலும் இது விளங்கும். 133 அதிகாரங்களில் நிலையாமையும் துறவும் மெய்யுணர்தலும் இருக்கின்றன. கடைசி 25 அதிகாரங்களில் ஊடலும் கூடலும் இருக்கின்றன. பிளேட்டோவின் நகரத்தில் இந்தப் புத்தகத்தைப் பிரித்துத்தான் உள்ளே விட்டிருப்பார்கள்.

அப்படியானால் தமிழில் சண்டையே இல்லையா? இருந்தது, நன்றாகவே இருந்தது. முதல் நெருக்கடி மணிமேகலையில். ஆசிரியர் சீத்தலைச் சாத்தனார், கூலவாணிகர். பிழையான செய்யுளைக் கேட்டால் தன் தலையிலேயே எழுத்தாணியால் குத்திக்கொள்வார் என்று ஒரு கதை. அவ்வளவு செவிநுட்பம் உள்ளவர், தன் காப்பியத்தின் 27ஆம் காதையில் கதையை நிறுத்திவிடுகிறார். மணிமேகலை வஞ்சியில் ஆண் துறவியின் வடிவில் ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப்போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். வைதிகர், சைவர், வைணவர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர் என்று வரிசை நீள்கிறது. கடைசியில் வருபவன் பூதவாதி. கண்ணால் காண்பதை மட்டுமே நம்புவேன் என்கிறான். அவள் சிரித்துவிட்டுக் கேட்கிறாள்: உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்?

இந்தச் சிரிப்பு கவிதை. 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் கற்பிக்கும் அளவை நூல் கவிதையா? பக்கம், ஏது, எடுத்துக்காட்டு, அவற்றில் நேரும் போலிகள் என்று பௌத்தத் தருக்கத்தின் பாடப்புத்தகமே அங்கே விரிகிறது. வடமொழி நியாயப்பிரவேசத்தோடு அது நெருக்கமாக ஒத்துப்போவதை அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். வகுப்பறையில் அந்தக் காதையைத் தாண்டிப் போகாத தமிழாசிரியர் குறைவு. ஆனாலும் கவனிக்க வேண்டியது ஒன்று. பார்மெனிடிஸ் ஹோமரின் யாப்பை எடுத்துக்கொண்டதுபோல, சாத்தனாரும் தருக்கத்துக்கென்று புது வாகனம் தேடவில்லை. உப்பு வண்டியையும் சேம அச்சையும் சுமந்த அதே ஆசிரியப்பாவில் ஏதுப்போலிகளை ஏற்றினார். 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையருக்கு இந்தப் பகுதிகள் பெரும் சோதனை. கும்பகோணம் கல்லூரியில் உடன் பணியாற்றிய ரங்காசாரியார் ஆங்கில நூல்களிலிருந்து பௌத்தக் கருத்துகளை எடுத்து விளக்கியதால்தான் வழி திறந்தது.

அடுத்தது நேரடி வாது. குண்டலகேசி என்ற பௌத்தக் காப்பியத்தின் தலைவி, தன்னைக் கொல்லத் துணிந்த கணவனை மலையிலிருந்து தள்ளிவிட்டு, வாதில் வல்லவளாகி, ஊர் ஊராக நாவல் கிளை நட்டு எதிரிகளை அழைத்தவள். அதற்குப் பதிலாகச் சமணர் ஒருவர் நீலகேசியைப் பாடினார். அதில் வரும் தலைவி முதலில் பேய். முனிசந்திரர் என்ற சமண முனிவரை அச்சுறுத்த வந்து, அவரிடமே அறம் கேட்டுத் திருந்தி, பிறகு குண்டலகேசி, மொக்கலன், புத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவராக வாதில் வெல்கிறாள். மக்கள் நடுங்கிய நீலிக் கதையை எடுத்துத் தருக்க நூலாக்கிய துணிச்சல் அது. கவிதைக்காக வாதாட வருகிறவர் செய்யுளிலும் பேசலாம் என்று பிளேட்டோ விட்டுவைத்த கதவு வழியே இங்கே ஒரு பேய் நுழைந்து மெய்யியலுக்காக வாதாடியது. காலம் செய்த வேடிக்கை இன்னொன்று. குண்டலகேசி முழுதாகக் கிடைக்கவில்லை. எஞ்சிய பாட்டுகளில் சிலவற்றைக் காத்தது அதை மறுக்க எழுந்த நீலகேசியின் உரைதான். அந்த உரையோடு நீலகேசியை அ. சக்கரவர்த்தி 1936இல் அச்சேற்றினார்.

பிளேட்டோவின் தீர்ப்புக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி 12ஆம் நூற்றாண்டுச் சோழ அவையில் நடந்ததாக ஒரு வரலாறு. அதற்கு முன்கதை உண்டு. துறவைப் பாடத் தெரிந்த சமணருக்குக் காதலைப் பாட வருமா என்று மதுரைப் புலவர்கள் திருத்தக்கதேவரைச் சீண்டினார்களாம். அவருடைய ஆசிரியர் அவரைச் சோதிக்க, எதிரே ஓடிய நரியைக் காட்டிப் பாடச் சொல்ல, நரிவிருத்தம் பிறந்தது. பிறகே பெருங்காப்பியத்துக்கு அனுமதி கிடைத்தது. அப்படி வந்த சீவக சிந்தாமணியில் நாயகன் எட்டுப் பெண்களை மணக்கிறான். மணநூல் என்றே அதற்கு ஒரு பெயர். கடைசி இலம்பகத்தில் அவன் எல்லாவற்றையும் துறக்கிறான். துறவுக்குப் போகும் வழியையெல்லாம் சிருங்காரத்தால் அலங்கரித்தார் தேவர்.

அந்தக் காப்பியத்தில் சோழ மன்னன் ஆழ்ந்துபோனதைக் கண்டு அமைச்சர் சேக்கிழார் கவலைப்பட்டார் என்று உமாபதி சிவாசாரியாரின் சேக்கிழார் புராணம் சொல்கிறது. நெல் இருக்க உமியைக் குத்தலாமா என்ற தோரணையில் அவர் அரசனுக்கு எடுத்துரைத்தார். பொய்க் கதை மனத்தைக் கெடுக்கும் என்பது ஏதென்ஸில் எழுந்த அதே குற்றச்சாட்டு. மாற்று என்ன என்று அரசன் கேட்டான். விளைந்தது பெரியபுராணம். கவிஞனை ஊரைவிட்டு அனுப்புவது பற்றி இங்கே பேச்சே எழவில்லை. குற்றம் சாட்டியவரே உட்கார்ந்து இன்னொரு காப்பியம் எழுத வேண்டியிருந்தது.

எக்கியார்குப்பம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்திலேயே, உள்நாட்டில், திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலின் ஊர் அது. சுந்தரரைத் திருமணப் பந்தலிலிருந்து அழைத்துவந்த முதியவர் ஓலையைக் காட்டி வழக்காடி, முதல் பதிகத்தைப் பாடவைத்த ஊரும் அதுவே. 13ஆம் நூற்றாண்டில் அங்கேதான் மெய்கண்டார் சிவஞானபோதத்தை இயற்றினார். 12 சூத்திரங்கள், 40 அடிகள். சைவ சித்தாந்தத்தின் முழுக் கட்டடமும் அந்த 40 அடிகள்மேல் நிற்கிறது. வயதில் மூத்தவரான அருணந்தி வாதுக்கு வந்து, ஆணவத்தின் வடிவம் எது என்று கேட்டபோது, சிறுவரான மெய்கண்டார் நின்றுகொண்டிருந்தவரையே விரலால் சுட்டினார் என்று ஒரு கதை. கேட்டவர் மாணவரானார். அவர் பிறகு எழுதிய சிவஞானசித்தியாரின் பரபக்கம், பிற மதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுக்கிறது. அதுவும் விருத்தத்தில்.

இங்கேதான் கிரேக்கத்துக்கும் தமிழுக்கும் உள்ள பெரிய வேறுபாடு தெரிகிறது. அங்கே உரைநடை செய்யுளைவிட்டுப் பிரிந்து தனிக்குடித்தனம் போய் மெய்யியலாயிற்று. தமிழில் உரைநடை செய்யுளின் அடியிலேயே வளர்ந்தது. உரை என்ற சொல்லே விளக்கத்துக்கும் உரைநடைக்கும் பொதுவாக நின்றது. இறையனார் களவியலுக்கு எழுந்த உரை தொடங்கி, தமிழின் நுட்பமான வாதங்கள் பல ஏதோ ஒரு சூத்திரத்தின், ஏதோ ஒரு பாட்டின் கீழே எழுதப்பட்டவை. சிவஞானபோதத்தின் 40 அடிகளுக்கு 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறையைச் சேர்ந்த சிவஞான முனிவர் எழுதிய மாபாடியம் பெரும் நூலாக விரிந்தது. மாணவன் செய்யுளை மனப்பாடம் செய்தான். ஆசிரியர் வாய்மொழியாக விரித்தார். சுவடியில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமர்ந்தன. சுவடி தொலைந்தாலும் நெஞ்சில் நிற்க யாப்பு வேண்டியிருந்தது; ஐயம் தீர உரை வேண்டியிருந்தது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. மூலத்தை மறுக்க விரும்பியவர்கூட உரையாசிரியராக வந்து, மூலம் சொல்வதுபோலவே தன் கருத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. தன் பெயரில் நின்று, யாருடைய பாட்டுக்கும் கீழே உட்காராமல் வாதிடும் தமிழ் உரைநடை, அச்சு வந்த பிறகே பரவலாயிற்று.

சிறுபாணாற்றுப்படையின் பாணன் எயிற்பட்டினத்தில் மீன் தின்று, மேற்கே வேலூர், ஆமூர் வழியாக நல்லியக்கோடனின் கிடங்கிலுக்கு நடந்தான். அந்த வேலூரை மரக்காணத்துக்கு அருகிலுள்ள உப்புவேலூர் என்று கருதுவோர் உண்டு. கிடங்கில் இன்றைய திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இப்போதும் உப்பு மேற்கு நோக்கியே போகிறது. அளத்தின் ஓரத்தில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருக்கும் லாரியைக் கொஞ்சம் குனிந்து பார்த்தால், பின் சக்கரங்களுக்கு அருகே அடியில் சங்கிலி போட்டு மாட்டிய ஸ்டெப்னி டயர் ஒன்று தெரியும்.